நாற்பது செக்கன்

குருநகர் ஐஸ் ஆலையில்
இரவு பில் எழுதுகிறவள் நான்.
ஒரு பார் இவ்வளவு, அரைப்பதற்கு இவ்வளவு,
படகின் பெயர், கடன் என்றால் பக்கத்தில் ஒரு புள்ளி.
ஐஸைப் பற்றி எங்களுக்கு
ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.
ஆனால் அதன்மேல் ஏறி நின்று
மனிசர் தடியால் அடிபடுவதை
அன்றைக்குத்தான் பார்த்தோம்.

கனடாவும் சுவிசும். இறுதியாட்டம்.
றெக்சன் தன் போனை
மீன்பெட்டி ஒன்றில் சாய்த்துவைத்தான்.
பதினேழு தலை, கையகலத் திரை.
அந்தக் கறுப்பு வில்லை எங்கே போகிறதென்று
ஒருவர் கண்ணுக்கும் பிடிபடவில்லை.
"சனம் எழும்பினா கோல்" என்றார் யூஜின் அண்ணர்.
அதையே சட்டமாக வைத்துக்கொண்டோம்.

எந்தப் பக்கம் என்று அதிகம் யோசிக்கவில்லை.
காசு வரும் பக்கம்.
அமலனின் எஞ்சின் சூரிச் மச்சான் அனுப்பியது, ஆகவே சுவிஸ்.
மெற்றில்டா அக்காவின் கூரை ஸ்காபரோ.
இரண்டு பக்கமும் ஆளிருக்கும் பொனிப்பாஸ்
கோலுக்குக் கோல் கதிரை மாறினான்.
வெளிநாட்டில் ஒருவருமே இல்லாத சவிரி
நடுவர் பக்கம் நின்றான்:
"அந்தக் கோட்டுச் சட்டைக்காரனுக்கும்
ஒருத்தருமில்லைப் போலகிடக்கு."

இரண்டுக்கு இரண்டு.
ஒருத்தனைப் பிடித்துக் கூட்டுக்குள் இருத்தினார்கள்.
"என்ன, மறியலோ?"
"ஓம். ரண்டு நிமிசம்."
"ரண்டு நிமிச மறியல்!"
சிரிப்பு வேண்டியதைவிடக் கொஞ்சம் நீண்டது.
யூஜின் அண்ணர் மட்டும்
நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேலதிக நேரம்.
கடலுக்குப் போகவேண்டிய படகு ஆறு
கரையில் ஐஸுக்குக் கிடந்தது.
கத்துவதற்கென்றே வந்த சம்மாட்டியும்
வாயைத் திறந்தபடி பெட்டிமேல் குந்திவிட்டார்.

அப்போது என் போன் அடித்தது.
ஜசிந்தா.
வீட்டு உறுதி எழுதின நாளிலிருந்து
இரண்டு வருசம் கதைக்காத என் தங்கச்சி.
ஸ்காபரோ என்று எல்லாருக்கும் தெரியும்.
திரையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார்கள்;
எங்களுக்கு வரும் படம் நாற்பது செக்கன் பிந்தினது.
"கனடா வெண்டிட்டுது!" என்று மெற்றில்டா அக்கா
என் மேசையில் குத்தினாள்.
அமலன் தொப்பியைக் கழற்றி
உருகின தண்ணிக்குள் எறிந்தான்.

காதில் வைத்தேன். மூச்சுச் சத்தம்.
"பாத்தியா அக்கா?"
"இஞ்ச இன்னும் முடியேல்ல."
"ஐயோ. அப்ப நான் சொல்லேல்ல."

சொல்லவில்லை. வைக்கவுமில்லை.
உறுதி பற்றி இல்லை, கிணற்றுப் பங்கு பற்றி இல்லை,
அவள் திருப்பியனுப்பின சீலை பற்றி இல்லை.
தனக்கு முடிந்துபோன ஒன்று
எனக்கு நடக்கட்டும் என்று
அங்கே பகல்வெளிச்சத்தில்
போனைப் பிடித்தபடி இருந்தாள்.

பிறகு சனம் எழும்பியது.
கொடி சிவப்பு. இரண்டு கொடியுமே சிவப்பு.
அமலன்தான் முதலில் சிலுவையைக் கண்டான்.
ஒன்றும் சொல்லாமல் போய்
தொப்பியைத் தண்ணிக்குள்ளிருந்து எடுத்து
சொட்டச் சொட்டப் போட்டுக்கொண்டான்.
அதற்குப் பிறகுதான் கத்தினான்.
மெற்றில்டா அக்கா அறியாத நடுவரின்
அறியாத தாயை ஏசினாள்.
சவிரிக்குக் கோபம் வந்தது.

"தோத்துப்போனம்" என்றாள் ஜசிந்தா.
தடிமனா அழுகையா, தெரியவில்லை.
"தோத்ததுக்கே எடுத்தனி?"
"வெண்டிருந்தா இஞ்ச கட்டிப்பிடிக்க
ஆக்கள் இருந்திருப்பினம்."

எனக்கு மறுமொழி வருமுன்
சம்மாட்டி எழும்பினார்: "சரி, அரையுங்கோ."
இயந்திரம் பிடித்ததும் எல்லாக் குரலும் போயிற்று,
பொனிப்பாஸ் எந்தக் கதிரையில் இருப்பதென்று
கேட்டதும் போயிற்று.
"என்னடி சத்தம் அது?"
"ஐஸ்!" என்று கத்தினேன்,
"வைச்சிடாத, நில்லு" என்றும் கத்தினேன்,
தோளுக்கும் காதுக்கும் நடுவில் அவளைச் செருகிக்கொண்டு
கையெழுத்துக் கோணக் கோண எழுதினேன்:
எட்டு பார், அரைத்தது, கடன்.

புள்ளி வைக்க மறந்துபோனேன்.